பின்பக்க மேய்ச்சல் நிலத்தில் என்ன காய்ச்சுகிறார்கள்?

நார்த் ஹார்லோ, மாசச்சூசெட்ஸ்
1927 அக்டோபர் 9

அன்புள்ள தம்பி ஈபனுக்கு,

நான் நலம். வேலி நலமில்லை. உன் நலமும் உன் இருமலின் நலமும் அறிய ஆவல்.

செவ்வாய்க்கிழமை நீயும் உன் மெக்கானிக் நில்சனும் லாரியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் பின்பக்க மேய்ச்சல் நிலத்தை முழுதாகச் சுற்றிப் பார்த்தேன். கிழக்குப் பக்கத்து வேலி கருகிக் கிடக்கிறது. அந்த வழியாக இரண்டு பசுக்கள் ஹோப்குட்டின் தோட்டத்துக்குள் புகுந்து, உதிர்ந்த ஆப்பிளையெல்லாம் தின்றுவிட்டு வயிறு உப்பி நிற்கின்றன. மற்றவை நீ வந்துபோனாலே பாலை அடக்கிக்கொள்கின்றன. பால் விற்றுப் பிழைக்கிறவள் நான் என்பதை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

நீ செய்வது எனக்குப் புரியாமல் இல்லை. பெட்ரோலையும், குளிரவைத்துத் திரவமாக்கிய ஆக்சிஜனையும் ஒரு சின்ன உலைக்குள் விட்டு எரித்தால் அந்தக் குழல் வானத்தில் ஏற வேண்டும். ஏறட்டும். நானா தடுக்கிறேன்? மூன்று வருடமாக அது நின்ற இடத்திலேயே நிற்கிறது, என் வேலிதான் புகையாக மேலே போகிறது. போகும்போது நீ என்ன சொல்லிவிட்டுப் போனாய்? "திருப்திகரமான முடிவு, அக்கா." யாருக்குத் திருப்தி என்று அடுத்த கடிதத்தில் எழுது.

சளிக்கு வெங்காயப் பாகு அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் குடி.

உன் அக்கா,
ஹல்டா

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
1927 அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஈபன் எழுதுவது. இருமல் அப்படியே இருக்கிறது, நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாடுகளும் சுகமாக இருக்க வேண்டும்.

வேலிக்காக வருந்துகிறேன். ஆனால் மரம் மிகவும் காய்ந்திருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அன்றைய முடிவு உண்மையிலேயே திருப்திகரமானது. உலை எந்த இடத்தில் உருகுகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது.

எனக்குப் பணம் தரும் ஆராய்ச்சிக் குழு மே மாத முடிவுவரை தவணை கொடுத்திருக்கிறது. அதற்குள் அது தரையைவிட்டு எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். உன் நிலத்தைப் போல ஆளரவமில்லாத இடம் எனக்கு வேறெங்கும் கிடைக்காது.

ஒன்றே ஒன்று. இது என்னவென்று யாரிடமும் சொல்லாதே. முன்பு ஒரு பத்திரிகைக்காரனிடம் வாயைத் திறந்து நான் பட்டது போதும். இன்றைக்கும் மாணவர்கள் வராந்தாவில் "புரொபசர், நிலாவுக்கு அடுத்த வண்டி எப்போ?" என்று கேட்கிறார்கள். மறுபடியும் பத்திரிகையில் சிரிப்பாய்ச் சிரித்தால் குழு ஓடிவிடும். யாராவது கேட்டால் பால் கறக்கும் இயந்திரம் என்று சொல்லிவிடேன்.

கொட்டகையில் ஓர் அடுப்பு வைக்க முடியுமா? நில்சனுக்கு விரல் விறைக்கிறது.

உன் தம்பி,
ஈபன்

*

நார்த் ஹார்லோ
1927 நவம்பர் 20

தம்பி ஈபனுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்காதே. அடுப்பு வைத்தாயிற்று.

பால் கறக்கும் இயந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் பொய் சொல்வதில்லை என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும், உனக்கு மட்டும் மறந்துவிட்டது. அதனால் கேட்கிறவர்களிடம் "சொல்வதற்கில்லை" என்று மட்டும் சொல்லி வந்தேன். அதன் பலனைக் கேள்.

நேற்று ஹோப்குட் வந்தார். பக்கத்துத் தோட்டக்காரர், ஊர் எழுத்தர், தேவாலயத்தில் உண்டியல் தட்டு ஏந்துகிறவர். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"ஹல்டா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கொட்டகையில செம்புக் குழாய் சுருள்சுருளா கிடக்கறத பாத்தேன்."

"கிடக்குது."

"அந்த ஸ்வீடன்காரர் நில்சன் ஒரு ஜாடிய போர்வையில சுத்தி, புள்ளையத் தூக்கற மாதிரி தூக்கிட்டுப் போறாரு. வாயில வெள்ளையா புகை வருது. ஜாடி வாயிலதான்."

"வரும்."

"ராத்திரி பகல்னு அடுப்பு வேற எரியுது. நான் சட்டம் பேச வரல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். ஆப்பிள்லயா, உருளைக்கிழங்குலயா?"

எனக்குப் புரிய இவ்வளவு நேரமா ஆக வேண்டும்? நாடு முழுக்க மதுவிலக்கு. இந்த ஊர்ப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்துக்கு நான் செயலாளர். இதே ஹோப்குட்டிடம் குடிக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கியவளே நான்தான். அவர் என் சமையலறையில் நின்றுகொண்டு, நான் எதில் சாராயம் காய்ச்சுகிறேன் என்று கேட்கிறார். அதுவும் மரியாதையாக.

"சொல்றதுக்கில்ல" என்றேன். அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். என்னைப் பார்த்து ஓர் ஆண்பிள்ளை கண்ணைச் சிமிட்டியது இதுதான் முதல் தடவை, ஈபன். காரணம் நீ.

இதை நிறுத்த வழி சொல்லி உடனே எழுது.

ஹல்டா

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
1927 டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். பம்ப்பைக் கழற்றிப்போட்டு மறுபடி கட்டிக்கொண்டிருந்தோம். நன்றித் திருநாளுக்கு நீ அனுப்பிய பூசணிப் பலகாரம் வந்தது. நில்சன் முக்கால்வாசி தின்றான்.

ஹோப்குட் விஷயத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல திரை நமக்குக் கிடைக்காது. சாராயம் என்று நினைத்தால் யாரும் பத்திரிகைக்காரனைக் கூப்பிட மாட்டார்கள். அப்படியே இருக்கட்டும்.

பம்ப்பையே விட்டுவிட்டு, வாயுவின் அழுத்தத்தால் எரிபொருளைத் தள்ளலாமா என்று பார்க்கிறேன். திருப்திகரமாக இருக்கும் போலிருக்கிறது.

ஈபன்

*

நார்த் ஹார்லோ
1928 ஜனவரி 15

ஈபனுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

நல்ல திரை. அந்த இரண்டு வார்த்தையையும் ஒரு மாதமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன், இன்னும் இறங்கவில்லை. பனைமரத்தடியில் பால் குடித்தவன் கதையைக் கேட்டிருக்கிறோம். நான் பாலையே விற்கிறேன். அதையும் இப்போது முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

இந்த வாரம் சங்கக் கூட்டம் இருந்தது. தலைவி லொவீனா டட்டில் வீட்டில். நான் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி வியாழக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை எதுவுமில்லை. தொழுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க நேரம் கிடைக்கும், நல்லதுதான்.

முக்கியமான விஷயம் இது. மார்ச்சில் ஊர்க்கூட்டம். என் பின்பக்க நிலத்தில் நடக்கும் காரியத்தை ஊர் தடை செய்ய வேண்டும் என்று லொவீனா ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறாள். அது நிறைவேறினால் குழலை நிறுத்தி வைத்திருக்கும் உன் இரும்புச் சட்டத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். நீ வெளியூர்க்காரனாகிவிட்டாய், கூட்டம் அனுமதி கொடுத்தால்தான் வாயைத் திறக்க முடியும். நான் திறக்கலாம். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்லட்டுமா? ஆம் என்று எழுது.

ஹல்டா

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
1928 பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நான் சௌக்கியம்.

வேண்டாம், அக்கா. இன்னும் கொஞ்ச நாள்தான். புது உலை தயாராகிவிட்டது, வசந்தம் தொடங்கும்போது கட்டாயம் எழும்பும். இப்போது விஷயம் வெளியே போனால் சனிக்கிழமையே நாலு நிருபர்கள் வந்து நிற்பார்கள், திங்கட்கிழமை குழுவின் கடிதம் வரும். லொவீனாவின் தீர்மானம் தோற்றுவிடும் என்று நம்புகிறேன். உன்னை எதிர்த்து அந்த ஊரில் யார் கை தூக்குவார்கள்?

வியாழக்கிழமைகளில் உனக்கு ஓய்வு என்று எழுதியிருந்தாய். அப்படியானால் அன்றைக்குக் காலையிலும் மாலையிலும் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று குறித்து அனுப்ப முடியுமா?

ஈபன்

*

நார்த் ஹார்லோ
1928 மார்ச் 6

ஈபனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. காற்று மேற்கிலிருந்து.

நேற்று ஊர்க்கூட்டம். காலையில் பாலம், பள்ளிக்கூட விறகு, பனி அள்ளும் வண்டி எல்லாம் பேசி முடித்து, மத்தியானம் அவித்த பீன்ஸ் சாப்பாடு ஆனபின் என் நிலத்தைப் பற்றிய தீர்மானம் வந்தது. லொவீனா எழுந்தாள்.

"காரியம் காரியம்னு எழுதியிருக்கோம். என்ன காரியம்னு ஹல்டாவே சொல்லட்டுமே. அவ பொய் சொல்ல மாட்டான்னுதானே இத்தனை நாளா சொல்லிக்கிட்டிருந்தோம்."

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. உன் கடிதம் என் பையில் இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று எழுந்தேன். ஆமாம், நீ சொல்லாதே என்றதைத்தான் சொன்னேன்.

"அது ஒரு ராக்கெட். என் தம்பி செய்யறான். பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் ஊத்தி எரிச்சா ஆகாயத்துல ஏறும்."

பிறகு கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

"எவ்வளவு தூரம் ஏறும், ஹல்டா?"

"காத்தே இல்லாத இடம் வரைக்கும் ஏறும்னு சொல்றான்."

"ரெண்டு கிளாஸ் உள்ள போனா நானே அங்க போயிடுவேனே."

ஈபன், அந்த மண்டபம் சிரித்த சிரிப்பில் அடுப்புக் குழாயிலிருந்து கரி உதிர்ந்தது. கூட்டத் தலைவர் சுத்தியலை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாக்கெடுப்பு நடந்தது. தடை வேண்டாம் என்று யார் யார் கை தூக்கினார்கள் தெரியுமா? நான் குடிக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிய அத்தனை ஆண்களும். ஹோப்குட் எண்ணும்போது தன் கையையும் சேர்த்து எண்ணினார். உன் நிலம் பிழைத்தது. ஊர் தன் சாராயத்தைக் காப்பாற்றிக்கொண்டது.

வாசலில் வரிசையாக நின்று என் கையைக் குலுக்கினார்கள். "நல்லா சொன்னீங்க, முகத்துல ஒரு சுருக்கம் வரலியே" என்றான் ஒருவன். "வசந்தத்துக்குள்ள சரக்கு இறங்கிடுமா?" என்று காதோடு கேட்டான் இன்னொருவன்.

வாழ்நாளில் நான் பொய் சொன்னதில்லை. நேற்றும் சொல்லவில்லை. இந்த ஊரிலேயே பெரிய பொய்க்காரி என்று நேற்றுத்தான் பெயர் வாங்கினேன்.

ஹல்டா

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
1928 மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதில் எனக்குக் கோபம். அவர்கள் நம்பாததில் நிம்மதி. இரண்டையும் சேர்த்து எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நிலம் தப்பியது, அதுதான் முக்கியம். பனி உருகியதும் வருகிறோம்.

ஈபன்

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
1928 ஏப்ரல் 16

அக்கா,

அது எழும்பிவிட்டது. வீட்டுக்கு வந்தும் தூங்கவில்லை. நீ பார்த்தாய் அல்லவா? நீ என் பக்கத்தில் நின்று பார்த்தாய்.

இப்போது ஒரு வேலை. குழு என் சொல்லை மட்டும் ஏற்காது, நில்சன் என்னிடம் சம்பளம் வாங்குகிறவன். வெளி ஆள் ஒருவர், ஊரில் நல்ல பெயருள்ளவர், நேரில் பார்த்ததாகச் சத்தியப் பத்திரம் எழுதி, ஊர் எழுத்தர் முத்திரையோடு அனுப்ப வேண்டுமாம். கூடப்பிறந்தவள் எழுதலாமா என்று கேட்டேன். ஊர் எழுத்தர் உன் நேர்மைக்குச் சாட்சி சொன்னால் போதும் என்றார்கள். அக்கா, அந்த மாவட்டத்தில் உன் சொல்லைவிடப் பெரிய முத்திரை எது? இந்த மாத முடிவுக்குள் எழுதி அனுப்பு.

நலம். நீ நலமா?

ஈபன்

*

நார்த் ஹார்லோ
1928 ஏப்ரல் 25

தம்பி ஈபனுக்கு,

நலமா என்று கடைசி வரியிலாவது கேட்டாய். இந்தத் தடவை பதில் சொல்கிறேன்.

பத்திரத்தை எழுதி எடுத்துக்கொண்டு ஹோப்குட்டிடம் போனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

"ஹல்டா, உங்களுக்கு ஓட்டு போட்டேன், அது வேற. இதுல முத்திரை வெச்சா பக்கத்து ஊர் எழுத்தன் என்னைப் பாத்து சிரிப்பான்."

"நான் பாத்தத எழுதியிருக்கேன்."

"சரி சரி. யாரு இல்லேங்கறா? ஆனா ஒரு மாசமா எனக்கு ஒரு சொட்டு கூட கண்ணுல காட்டலியே நீங்க."

காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

ஜனவரியில் நான் உனக்கு முழுதாக எழுதவில்லை. லொவீனா வீட்டுக் கூட்டத்திலிருந்து நான் சீக்கிரம் வரவில்லை, என்னை அனுப்பினார்கள். செயலாளர் பதவியிலிருந்து நீக்கி, பெயரையும் அடித்துவிட்டார்கள். கோட்டை மாட்டிக்கொள்ள எனக்கு யாரும் உதவவில்லை. சாராயம் இல்லை என்று சொல்லு, போதும் என்றாள் லொவீனா. அப்படியானால் என்ன என்று அடுத்த கேள்வி வருமே என்று வாயை மூடிக்கொண்டேன், உனக்காக. நீ காற்றைக் குறித்து அனுப்பச் சொன்னாய்.

நான் பார்த்தேன், ஈபன். முதலில் நெருப்பு மட்டும் கத்தியது. ஏறாது என்று நினைத்து, நெருப்பை அணைக்கத் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். அப்போது அது, குளிர்காலக் காலையில் மனசில்லாமல் படுக்கையை விட்டு எழுவது போல, மெதுவாக எழுந்தது. பிறகு ஒரேயடியாக மேப்பிள் மரத்துக்கு மேலே போய்விட்டது. ஓடைக்கரைச் சேற்றில் அது விழுந்த பிறகும் நான் வாளியைக் கீழே வைக்கவில்லை. அன்றைக்கு உன்னைத் திட்ட மறந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஆனால் உனக்கு வேண்டியது என் சொல். அதை நீ திரையாக மாட்டிக் கிழித்துவிட்டாய். இந்த ஊரில் இப்போது அதற்கு மதிப்பில்லை. வேறு நல்ல பெயருள்ள ஆளைத் தேடிக்கொள்.

ஹல்டா

*

ஸ்பிரிங்ஃபீல்ட்
1928 மே 1

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

சனிக்கிழமை வருகிறேன். லொவீனா, ஹோப்குட், ஊர் முழுக்க வரச் சொல்லி உன் பாதிரியாருக்கு எழுதிவிட்டேன். நாளை புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். பத்திரிகைகளுக்கும் நானே எழுதிவிட்டேன். யாருக்கும் சமைக்காதே.

ஈபன்

*

நார்த் ஹார்லோ
1928 மே 14

அன்புள்ள தம்பி ஈபனுக்கு,

நான் நலம். பசுக்களும் நலம், பாலும் குறையவில்லை. நீ ஊருக்குப் போனதிலிருந்து ஒரு வரி எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

பத்திரிகைகளைப் பார்த்தேன். "நிலாப் பயணம் மாட்டுத் தொழுவத்தில் முடிந்தது." வேறொன்றில் உன் படம். தொப்பியில்லாமல், முகமெல்லாம் கரி. அம்மா பார்த்திருந்தால் முதலில் முகத்தைத் துடைத்திருப்பாள்.

அன்றைக்கு நீ பால் வண்டி மேல் ஏறி நின்று ஊராருக்கு விளக்கிச் சொன்னது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஜனவரியிலேயே அக்கா இதைச் சொல்லியிருப்பா. நான்தான் சொல்லாதேன்னு வாயக் கட்டினேன். ஊர்க்கூட்டத்துல அவ சொன்னது ஒவ்வொண்ணும் நிஜம்" என்றாய். "நிலாவுக்கு டிக்கெட் எவ்வளவு, புரொபசர்?" என்று நிருபர் கேட்டபோது எனக்குத்தான் கை துறுதுறுத்தது. நீ "இன்னும் விலை போடல" என்று சொல்லிவிட்டுப் பற்றவைக்கப் போனாய். பக்கவாட்டில் நெருப்பு பீறிட்டு, இரும்புச் சட்டம் சிவந்து, எல்லாமே சாய்ந்து விழுந்தது. ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

நீ போன பிறகு ஹோப்குட் சாம்பலைக் காலால் கிளறிப் பார்த்தார். "அப்போ நெசமாவே ஒண்ணும் காய்ச்சலியா?" என்றார். அந்த மனிதர் முகத்தில் அவ்வளவு ஏமாற்றத்தை நான் பார்த்ததில்லை. லொவீனா என் முன்னால் வந்து நின்றாள். "வியாழக்கிழமை வா, ஹல்டா. எழுதறதுக்கு உன்ன விட்டா ஆளில்ல." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வியாழன் யோசிக்கலாம் என்றிருக்கிறேன்.

இரும்புக் குப்பையை எடுத்துப் போக நேற்று நில்சன் வந்தான். அவன் பேசுகிறவனில்லை, உனக்கே தெரியும். ஒரு கோப்பை காப்பி குடித்தபின் பேசினான்.

"ஏப்ரல்ல பறந்தப்பவே அந்த உலை உருகி மெலிஞ்சிடுச்சு, அம்மா. புதுசு செய்ய ஜூன் ஆகும். ஏறாதுன்னு அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா பத்திரிகைக்காரங்கள கூப்பிட்டான்?"

"ஜூன் வரைக்கும் உங்கள காக்க வைக்க முடியாதுன்னாரு."

மடையா. ஊர் முன்னால் சிரிப்பாய்ச் சிரிப்பதற்கு நீ எவ்வளவு பயந்தாய் என்று எனக்குத் தெரியாதா? அந்தச் சிரிப்பையே கூப்பிட்டு என் நிலத்தில் உட்கார வைத்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதவைப் பூட்டி உன்னைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இன்று காலை ஹோப்குட் தானே வந்தார், முத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு. "அந்தக் காகிதத்தக் கொடுங்க, ஹல்டா. அன்னைக்கு நீங்க சொன்னது அத்தனையும் நெசமாயிடுச்சு. ஏப்ரல்ல ஏறுச்சுன்னு நீங்க சொன்னா அது ஏறித்தான் இருக்கும்." சிரிக்காமல் முத்திரையைக் குத்தினார். கீழே என் நேர்மையைப் பற்றி நாலு வரி தன் கையால் எழுதினார். எழுத்துப் பிழை இருக்கிறது, நான் திருத்தவில்லை.

உன் குழு பத்திரிகைகளைப் படித்திருக்கும். இதையும் படிக்கட்டும். நான் எழுதியது இவ்வளவுதான்:

நார்த் ஹார்லோவில் பால் பண்ணை நடத்தும் ஹல்டா தேயர் ஆகிய நான், 1928 ஏப்ரல் பதினான்காம் தேதி, என் தம்பியின் இயந்திரத்தை என் கண்ணால் பார்த்தேன். அது மேலே போயிற்று.

ஹல்டா